ஜாமீன் கிடைத்த தேதி, வெளியே வந்த தேதி

ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு விற்க வந்த ஓர் அம்மா, இடுப்பில் செருகியிருந்த பாலித்தீன் கவரைப் பிரித்து என்னிடம் நீட்டினார். உள்ளே ரேஷன் அட்டை, மகனின் ஆதார் நகல், நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு தாள். "கோர்ட்டுல குடுத்த காயிதம்மா. இதுல இன்னா எழுதிகிதுன்னு பாத்துச் சொல்லு. வக்கீல் ஃபீசுக்குத்தான் இந்த ரெண்டு ஆட்டையும் ஓட்டியாந்தேன்" என்றார்.

ஆந்திர நீதிமன்றம் ஒன்றின் ஜாமீன் உத்தரவு அது. செம்மரம் வெட்டப் போய்ப் பிடிபட்ட மகனை, உள்ளூர் ஜாமீன்தாரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் விடலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தேதியைப் பார்த்தேன். ஏழு வாரம் கடந்திருந்தது.

"உங்க பையனுக்கு ஜாமீன் கிடைச்சு ரெண்டு மாசம் ஆகப்போகுதும்மா" என்றேன். அவர் அழவில்லை. ஆட்டுக் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப ஏன் இன்னும் வர்ல?" என்று கேட்டார்.

இது நடந்தது 2023-ல். அப்போது நான் குற்றவியல் பாடம் எடுக்கத் தொடங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், தண்டனை முடிந்து போனவர் ஏன் திரும்ப வருகிறார் என்பதற்கெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். நீதிபதி விடச் சொன்ன பிறகும் ஒருவர் ஏன் உள்ளேயே இருக்கிறார் என்பதற்கு என் பாடக்குறிப்பில் ஒரு பக்கம்கூட இல்லை.

சென்னையில் எம்.ஏ. முடித்து வேலூருக்குத் திரும்பியபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "போலீஸ் வேலைக்கா படிச்சே?" பிறகு கல்லூரி வேலை, பகுதிநேர முனைவர் பட்டம். அந்த ஆய்வுக்காகச் சிறைக்குள் 64 கேள்விகள் கொண்ட படிவத்தோடு போனேன். நான்கு அடி தள்ளி வார்டர் நின்றுகொண்டிருப்பார். சாப்பாடு எப்படி என்றால் "நல்லா இருக்குதுங்க மேடம்". வெளியே போனதும் என்ன செய்வீர்கள் என்றால் "திருந்தி வாழ்வேங்க மேடம்". நானும் அட்டவணை போட்டு, சதவீதம் கணக்கிட்டு, பட்டம் வாங்கிவிட்டேன். அந்த அட்டவணைகள் பொய்யில்லை, ஆனால் அவற்றில் ஒருவர்கூட என்னிடம் மனம் திறந்து பேசவில்லை.

இன்னொன்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. ஆய்வு நெறிப்படி, பேச வருபவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். அவருடைய உரிமையைக் காக்கத்தான் அந்தத் தாள். ஆனால் ஸ்டேஷனில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த மனிதரிடம் போய், ஒரு தாளை நீட்டி 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்றால் அவர் உடம்பே சுருங்கிவிடும். ஒருவர் தன் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து என் மாணவர்கள் முதலில் வாயால் கேட்கிறார்கள், ஊர்க்காரர் ஒருவரைச் சாட்சியாக உட்கார வைக்கிறார்கள், தாளைக் கடைசியில்தான் எடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

மலைப்பக்கம் நான் போக ஆரம்பித்தது 2015-க்குப் பிறகு. அந்த வருடம் ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கூலிக்குப் போனவர்கள் அவர்களில் பலர். செத்தவர்களைப் பற்றி அன்று எல்லாரும் பேசினார்கள். உயிரோடு பிடிபட்டுச் சித்தூர், திருப்பதி, கடப்பா பக்கத்துச் சிறைகளில் இருப்பவர்களைப் பற்றிப் பேச அவரவர் வீட்டுப் பெண்களைத் தவிர யாருமில்லை. மரம் வெட்டியது குற்றமில்லை என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் அந்தக் காட்டிலும் அதையொட்டிய மலைகளிலும்தான் செம்மரம் தானாக வளர்கிறது, அது அழிந்தால் அழிந்ததுதான். ஆனால் கோடாலி பிடித்தவர் உள்ளே இருக்கும் அளவுக்கு, ஆள் பிடித்து லாரி ஏற்றிப் பணம் போட்டவர் உள்ளே இருப்பதில்லை என்பது எட்டு வருடம் அலைந்த என் அனுபவம்.

வேலூரிலிருந்து காட்பாடி, கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் சித்தூர் ஒரு மணி நேரப் பயணம். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். அந்த அம்மாவின் மலைக்கிராமமான பீஞ்சமந்தைக்காரருக்கும் அது ஒரு காலத்தில் சொந்த மாவட்டம். இன்று அங்கே அவர் வெளிமாநிலத்துக்காரர். பேச்சு தெலுங்கு, தாள் ஆங்கிலம். சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை இங்கே மனு போட்டுப் பார்ப்பது என்போம், அங்கே முலாகத். ஜாமீன் என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, மகன் நாளைக்கே வந்துவிடுவான் என்று வீடு திரும்பிய தாய்மார்களை எனக்குத் தெரியும்.

தொரப்பாடியில் மத்திய சிறைக்குப் பக்கத்தில், எல்லாரும் 'ஆப்கா' என்று சொல்லும் சிறை அலுவலர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1979-ல் தொடங்கியது, தென்மாநில அலுவலர்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். எப்போதாவது ஒரு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். சந்தையில் கேட்ட கேள்வியை அங்கே கேட்டேன். ஆந்திராவிலிருந்து வந்திருந்த ஓர் அலுவலர் கொச்சைத் தமிழில் சொன்னார்: "ஆர்டர் எங்களுக்கு வந்துடும் மேடம். ஆளுக்கு ஷூரிட்டி, அதான் ஜாமீன்தாரர், வராது. அவன் ஊர்ல கேட்டா பட்டா இல்ல, எங்க ஊர்ல கேட்டா அவனை யாருக்கும் தெரியாது. நாங்க கதவைத் திறக்க முடியாது." எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இதை நான் படித்ததில்லை.

இது புதிய சிக்கலும் இல்லை. மோத்தி ராம் வழக்கில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்கலாமே என்றால், அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து, வேறு யாரும் ஜாமீன் நிற்காமல் அவருடைய 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னது 1978-ல். நாற்பத்தைந்து வருடம் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று, அதே உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையால் தாமதமானால் அதைப் போடாமல் இருக்கலாம். 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவின் தாளை நகலெடுத்து, ஜனவரி உத்தரவையும் இணைத்து, சித்தூரில் இலவச சட்ட உதவி பார்க்கும் ஒரு வக்கீலிடம் என் மாணவி ஒருத்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். நிபந்தனையை மாற்றக் கோரி மனு, இரண்டு வாய்தா, பிறகு சொந்தப் பிணை. பிணை உத்தரவு வந்த மூன்றாம் நாள் பையன் வீடு வந்து சேர்ந்தான். ஜாமீன் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் 83 நாள்.

அதன் பிறகு எங்கள் ஆய்வுப் படிவத்தை மாற்றினோம். 64 கேள்விகள் 11 ஆயின. முதல் இரண்டு கட்டங்கள்: ஜாமீன் கிடைத்த தேதி, வெளியே வந்த தேதி. பல படிவங்களில் இரண்டாவது கட்டம் காலியாகவே திரும்பி வருகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 479-ஆம் பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், அதிகபட்சச் சிறைத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்று இருக்கிறது. அடுத்தடுத்து வேறு வழக்குகள் சேர்க்கப்பட்டவருக்கு அந்தக் கதவும் திறக்காது. மலைக்காரர்களில் அப்படி எத்தனை பேர் என்று இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் பீஞ்சமந்தைக்குப் போயிருந்தேன். பையன் மாமரத்தடியில் கருங்கல் வேலிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அம்மா கேப்பைக் கூழ் கொடுத்துவிட்டு, அதே பாலித்தீன் கவரை எடுத்துவந்தார். இப்போது தாள் அதிகமாகியிருந்தது. மாதம் தவறாமல் வாய்தாவுக்குப் போய்வர பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை ஒவ்வொரு தாளின் பின்னாலும் பையன் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். "இத எல்லாம் வெச்சிக்கணுமாம்மா, கிழிச்சிடலாமா?" என்று அம்மா கேட்டார். வழக்கு முடியும்வரை ஒன்றைக்கூடத் தொலைக்க வேண்டாம் என்று சொல்லி, தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.