மிலிட்டரி மாமாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த கதை

இரண்டாம் உலகப் போரில் இறந்துபோன ஒரு சிப்பாயின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தேட முடியும், பைசா செலவு கிடையாது. இது தெரியாமலே எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஓடிவிட்டது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அவர் என் ஆயாவுக்கு அண்ணன். அப்பாவுக்குத் தாய்மாமன் என்பதால் வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் 'மிலிட்டரி மாமா'. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே காலியானபோது, வியாசர்பாடியில் இருந்து குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போக, இவர் மட்டும் பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூருக்குப் போய்விட்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களை இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1945இல் தந்தி வந்தது. பர்மாவில் இறந்துவிட்டார், உடம்பு வரவில்லை. தந்தியும் பிறகு ஏதோ ஒரு மழை வெள்ளத்தில் போய்விட்டது, தேதி யாருக்கும் நினைவில்லை.

மிஞ்சியது ஒரு தகரப் பெட்டியும், சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு ஆங்கிலக் காகிதமும்தான். அதை இரங்கல் கடிதம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சட்டத்தில் இருந்து கழற்றி முழுதாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிறப்பான சேவைக்காக இவர் பெயர் போர் அறிக்கையில் குறிப்பிடப்பட்டு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியானது, அரசர் அதைப் பாராட்டுகிறார் என்று இருந்தது. இதை 'மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்' என்பார்கள். கேட்க ஏதோ சின்னப் பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் காலத்து விதிப்படி, போர்க்களத்தில் வீரச் செயல் செய்து இறந்தவருக்கு, மிக உயர்ந்த விருதுகளான விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் இரண்டையும் விட்டால் இது ஒன்றுதான் கொடுக்க முடியும். நடுவில் இருந்த மெடல்களெல்லாம் பிழைத்தவர்களுக்கு மட்டும். (இதே மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற காஞ்சிபுரம் பக்கத்து மனிதர், நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

பெட்டிக்குள் மெடல்கள். பர்மா ஸ்டார், வட்டமான வார் மெடல். வார் மெடலின் ரிப்பன் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு வெண்கல இலை குத்தியிருந்தது. ஆயா அதை வேப்பிலை என்றே சொல்லி வந்தார். அது ஓக் மர இலை, அறிக்கையில் பெயர் வந்தவர்களுக்கான அடையாளம். அந்த மெடலின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அழுக்குக்கு அடியில் படை எண்ணும் பெயரும் பொறித்திருந்தது. அந்த எண் கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் வழி. தயவுசெய்து பழைய மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உலர்ந்த மெல்லிய துணி போதும்.

முதலில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். 1947க்கு முந்தைய ஆள் என்றதும் ஃபைலைக்கூடத் தொடவில்லை. டெல்லியின் பெரிய நினைவகங்களிலும் இவர்களுக்கு இடமில்லை. 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் விட்டவர்களின் பெயர்கள்தான். இந்தியா கேட்டில் இருப்பதோ முதல் உலகப் போர், ஆப்கன் போர்க் காலத்துப் பெயர்கள். இரண்டுக்கும் நடுவே, இரண்டாம் உலகப் போரில் விழுந்தவர்கள் சுமார் 87,000 பேர். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அவர்கள் கணக்கை வைத்திருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அவர்கள் இணையதளத்தில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் நம் ஆட்கள் கிடைப்பது கஷ்டம். இனிஷியல் இருக்காது, வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே பெயரில் கணக்கில்லாமல் வரும். இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போர் என்று வடிகட்டிவிட்டு, படை எண்ணைப் போடுங்கள். எங்களுக்கு ஒரே ஒரு பதிவு வந்தது. ஒரு எழுத்து குறைந்த பெயர், 1945 பிப்ரவரியில் ஒரு தேதி, ரங்கூன் நினைவகம், எத்தனையாவது பலகை என்ற எண். அது ஐராவதி ஆற்றைப் படைகள் கடந்த மாதம். ஆற்றில் மற்றவர்களை இழுத்துப் போடப் போய் இறந்தார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கெஜட்டில் வெறும் பெயர்ப் பட்டியல்தான், என்ன செய்தார் என்று ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு அந்த ஆற்றுக் கதை போதும்.

வியாசர்பாடியில் இருந்ததால் அடுத்த காரியம் சுலபமாக முடிந்தது. இங்கே பர்மாவில் இருந்து வந்த குடும்பங்கள் நிறைய. எங்கள் தெருமுனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) போடும் அக்காவின் சித்தி குடும்பம் இன்னும் யாங்கோனில்தான், அதாவது பழைய ரங்கூனில்தான் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், "எண்ணு குடு தம்பி, நான் சொல்லிக்கிறேன்" என்றார். நினைவகம் இருப்பது ஊருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், தாவ்க்யான் கல்லறைத் தோட்டத்தில். கல்லறை கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் அங்கே வரிசை வரிசையான தூண்களில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வெள்ளைக் கல், நெருக்கமான பெயர்கள், எங்கள் பெயருக்குக் கீழே ஒரு பெண்ணின் விரல். நடு மண்டபத்தில் 'எல்லாச் சுதந்திர மனிதர்களுக்காகவும் இவர்கள் இறந்தார்கள்' என்ற வரியை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகியில் வெட்டியிருக்கிறார்கள். தமிழில் இல்லை. அத்தனை தமிழ்ப் பெயர்கள் சுற்றி இருக்க, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஆயாவுக்கு 90 தாண்டிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "தேதி இன்னா போட்டுக்குது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷமும் தேதி தெரியாமல் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படைத்து வந்திருக்கிறோம். ஐயர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, தாரண வருஷம், மாசி, வளர்பிறை பஞ்சமி என்று சொன்னார். இந்த மாசியில் திருவொற்றியூர் கடற்கரையில் முதல் முறையாக அவருக்கென்று தனியாகத் திதி கொடுத்தோம்.

பதிவில் அம்மா பெயரும் ஊர்ப் பெயரும் இல்லை. ஆதாரம் இருந்தால் ஆணையத்துக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம். கொள்ளுப்பாட்டிக்கு மாதாமாதம் வந்த பென்ஷன் மணியார்டர் ரசீதுகள் அதே பெட்டியில் கிடைத்தன, அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒரு மெடல் கிடந்தால், விளிம்பில் இருக்கும் எண்ணை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கூட உட்கார்ந்து தேடித் தருகிறேன்.