கேட்டோ மேனர் நிலத்துக்கு மனு போட்ட கதை

அம்மாவின் அப்பாவுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கேட்டோ மேனர் சரிவில் கொஞ்சம் நிலம் இருந்தது. வாழையும் கீரையும் போட்டு விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுபோவார். எந்த இனம் எங்கே வாழலாம் என்று பிரித்துவைத்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி பிற்பாடு அந்த இடத்தை வெள்ளையருக்கு ஒதுக்கினார்கள். எங்கள் குடும்பம் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தது.

1994இல் நில உரிமை மீட்புச் சட்டம் வந்தது. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவெறிச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் மனு போடலாம் என்றார்கள். கடைசி நாள் 1998 டிசம்பர் 31. "போனது போகட்டும்" என்று மாமா தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். கடைசி வாரத்தில்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் பாடு. பத்திரத்தில் தாத்தாவின் பெயர் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்த குமாஸ்தாக்களின் வேலை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, கூலி ஒப்பந்தத்தில் கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது பதிந்து கொடுத்த காலனி நம்பர் வரைக்கும் ஆவணக் காப்பகத்தில் தேடினோம். அதுவும் போதவில்லை. அந்தக் காலத்தில் தாத்தாவை நேரில் தெரிந்தவர் ஒருவரின் சத்தியப் பிரமாணம் வேண்டும்.

மனுதாரர் கூட்டம் ஒன்றில் சூலு என்ற ஆப்பிரிக்க இனத்து மூதாட்டி ஒருவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வந்து, தாத்தாவின் கிணற்றைப் பற்றிக் கேட்டார். அவருடைய அப்பா தாத்தா நிலத்தில் குடிசை போட்டு வாடகை கொடுத்தவராம். பிறகு அவர்களையும் ஆப்பிரிக்கருக்கென்று ஒதுக்கிய குவாமாஷுவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடியிருந்தவர்களும் மனு போடலாம், ஆனால் பத்து வருஷம் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். அவரிடம் ஒரு துண்டு ரசீதுகூட இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவே 1949 ஜனவரி இருந்தது. டர்பனில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடந்த அந்தக் கலவரத்தில் அரசுக் கணக்கில் 142 பேர் செத்தார்கள். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, ராத்திரி முழுக்க வாழைத்தோப்பில் ஒளிந்திருந்தார். மூதாட்டியின் சித்தப்பா துப்பாக்கிச் சூட்டில் செத்தவர். இனவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் நடந்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 1960 மார்ச் முதல் நடந்ததைத்தான் விசாரித்தது. 1949 அதன் வரம்பில் இல்லை. அந்த ராத்திரியைப் பற்றி இவர்கள் இருவரையும் யாரும் கேட்டதே கிடையாது. நில மனுவுக்காக வந்த இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி சூலு பாதி இங்கிலீஷில் தாங்களே பேசிக்கொண்டார்கள். நான் குறுக்கே பேசவில்லை. சமாதானத்துக்கு என்று ஆணையங்கள் வைக்கிறோமே, அவை செய்யக்கூடிய பெரிய வேலை இப்படி ஒரே வரிசையில் உட்கார வைப்பதுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

நிலம் திரும்பி வரவில்லை. அதில் இப்போது வேறு ஏழைகளின் வீடுகள் நிற்கின்றன. அவர்களைக் கிளப்ப அம்மாவுக்கு மனசில்லை. இழப்பீட்டுப் பணத்துக்குச் சம்மதித்து, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கவே ஒரு வருஷம் ஆனது. மனு போட்டுவிட்டு இன்னும் காத்திருக்கிறவர்கள் குடும்பத்துக்குள் முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் பிரமாணம் எடுத்த நாள்தான் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று பெயரும் ஒரே மனிதர்தான் என்று மூதாட்டி எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷத்துக்கு மேல் இவர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தார்கள் என்று அம்மா அவருக்காக எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்தி முடிந்ததும், "கோகோ, வாங்க, டீ குடிக்கலாம்" என்று, சூலுவில் பாட்டி என்று அழைத்து, அம்மா அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார்.