கண்ணாடித் தேனீ

நாலு மாசமா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த தேனீ மொசைக் நேற்று ராத்திரி முடிந்தது.

அமெரிக்க கிராபிக் டிசைனர் பால் ராண்ட் 1981-இல் ஐபிஎம் (IBM) கம்ப்யூட்டர் நிறுவனத்துக்குச் செய்த போஸ்டரில் ஐ-க்குப் பதில் ஒரு கண் (eye), பி-க்குப் பதில் ஒரு தேனீ (bee), எம் மட்டும் அவருடைய 1972 லோகோவில் இருந்த அதே எட்டுக் கோடுகளோடு எழுத்தாகவே நிற்கும். அந்தத் தேனீதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு குறைவான கோடு, ஆனாலும் பறக்கிற மாதிரியே இருக்கும்! நான் அதை அப்படியே எடுக்கவில்லை, என் தேனீயை நானே வரைந்தேன்.

சத்துவாச்சாரியில் ஒரு கடைக்கார அண்ணன் மிச்சம் விழுந்த மஞ்சள், கறுப்புக் கண்ணாடித் துண்டுகளை எடுத்துவைத்துக் கொடுத்தார். கட்டர் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுக்கணும், அதே கோட்டில் மறுபடி இழுத்தால் சக்கரம் மழுங்கிவிடும். உடம்பின் பட்டைகள் சீக்கிரம் வந்துவிட்டன. இறக்கையின் வளைவுக்குத்தான் குறட்டால் அரிசி அளவு அளவாகக் கடித்துக் கடித்து எடுத்தேன், அதற்கே ஆறு வாரம்.

அப்புறம் நம்ம வேலூர் வெயில். துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கை அடைக்க மத்தியானம் பூசிய கிரௌட் கலவை ஈரம் பிடிக்காமல் காய்ந்து வெடித்துப்போச்சு. மொத்தத்தையும் ஊசியால் சுரண்டிவிட்டு, விடியற்காலை அஞ்சு மணிக்குப் பூசி, ஈரத்துணி போட்டு மூடினேன், நின்றது.

"கண்ணு, சமையல்கட்டு ஜன்னல்ல வை, காலைல அங்கதான் வெளிச்சம் வரும்" என்றார் அம்மா. வைத்தேன். இன்னைக்குக் காலையில் தோசைக்கல் பக்கத்துச் சுவரில் மஞ்சள் பட்டை பட்டையாக விழுந்திருந்தது.