மிச்ச தொண்ணூறும் எங்க போச்சு?

வெள்ளவத்தையில சயன்ஸ் ரியூசன் குடுக்கிற ஆக்களைக் கேட்டா தெரியும், சூழல் பாடம் எண்டாலே பிள்ளையளுக்கு ஒரு ரெஸ்ற் மாதிரித்தான். புல்லு, வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து எண்டு உணவுச் சங்கிலியை ஒரு மூச்சில ஒப்பிப்பினம், பிறகு புல்லில 20,000 கிலோயூல் சக்தி எண்டு குடுத்தா, 10 வீதம்தான் அடுத்த மட்டத்துக்குப் போகும் எண்ட கணக்கில ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு சைபர் வெட்டி 2,000, 200, 20, 2 எண்டு எழுதிட்டு பேனையை வைச்சிடுவினம். மார்க்ஸ் கிடைக்கும், அதில பிரச்சினை இல்லை. ஆனா மிச்ச 90 வீதமும் எங்க போச்சு எண்டு கேட்டா கிளாஸ் அப்பிடியே அமைதியாகிடும், ஆரோ ஒராள் மட்டும் மெல்லமா "வேஸ்ட் ஆகிடும் மிஸ்" எண்டு சொல்லும்.

எனக்கு அந்த "வேஸ்ட்" எண்ட பதில் பிடிக்கிறேல்ல. பாசி, மீன், கொக்கு எண்ட சங்கிலியை எடுங்கோ: மீன் தின்னுற பாசி முழுக்க செமிக்காது, கொஞ்சம் கழிவாப் போகும். செமிச்சதிலயும் பெரும்பங்கு நீந்த, சுவாசிக்க, உயிரோட இருக்கவே செலவாகி வெப்பமா வெளியில போயிடும். உடம்பா வளந்து நிக்கிற மிச்சம்தான் கொக்குக்கு கிடைக்கிறது. வெளியில போன வெப்பத்தை எந்த இலையாலயும் திருப்பிப் பிடிக்கேலாது, அதாலதான் காபன், நைதரசன் எல்லாம் சுத்திச் சுத்தி வருது, சக்தி மட்டும் ஒரு பக்கமாவே போகுது, சூரியன் ஒவ்வொரு நாளும் புதுசா குடுத்துக்கொண்டே இருக்கவேணும்.

கொப்பி திருத்தேக்க நான் முதல்ல பாக்கிறது அம்புக்குறியைத்தான். பாதிப் பேர் கொக்கில இருந்து மீனுக்கு கீறியிருப்பினம், கேட்டா "கொக்குத்தானே மிஸ் மீனைப் பிடிக்குது" எண்டு நியாயமாத்தான் சொல்லுவினம். அம்பு, ஆர் ஆரைப் பிடிச்சது எண்டு காட்டுறதுக்கு இல்லை, சக்தி எந்தப் பக்கம் போகுது எண்டு காட்டுறதுக்கு.

ஒருக்கா எங்கட கனால் கரைக்கு கூட்டிக்கொண்டு போனன் (மணம் தாங்கேலாது, பெற்றோர் ஏசாததே பெரிய விசயம்). சுவரில ஒரு கபரகொயா (உடும்பு மாதிரி, தண்ணிப் பக்கம் இருக்கிற பெரிய பல்லியினம்) வெயில் காய்ஞ்சுகொண்டு கிடந்திச்சு, நாங்கள் பக்கத்தில போயும் வால் நுனி கூட அசையேல்ல. "ஏன் மிஸ் இது சும்மாவே கிடக்குது?" எண்டு ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி. அது தன்ர உடம்பைச் சூடாக்க வெயிலை எடுக்குது, கொக்கு அதுக்கு தின்ன மீனையே எரிக்கவேண்டியிருக்கு. அதாலதான் பறவையள் செமிச்ச சக்தியில 1, 2 வீதம் அளவைத்தான் புது உடம்பாக்குதுகள், மீனுகள் கிட்டத்தட்ட 10 வீதம். அப்ப 10 எண்டது எல்லா உயிருக்கும் பொதுவான சட்டம் இல்லை, ஒரு சராசரிக் கணக்கு. 1942 இல லின்ட்மன் எண்டவர் அமெரிக்காவில மினசோட்டா பக்கத்தில ஒரு சின்ன சதுப்பு ஏரியை வைச்சு இந்தக் கணக்கு போட்டபோது அவருக்கே 13.3 வீதம், 22.3 வீதம் எண்டுதான் வந்தது. அவர் இதைப் பற்றி எழுதின கட்டுரையை முதல்ல சஞ்சிகைக்காரர் வேண்டாம் எண்டினம், வெளிவர முதலே 27 வயசில மனுசன் செத்திட்டார். இதைச் சொன்னா மட்டும் பிள்ளையள் நிமிந்து பாப்பினம்.

புத்தகத்தில மட்டம் மட்டமா சக்தி குறையிறதைக் காட்டுற பிரமிட்டில எனக்கு இருக்கிற பெரிய குறை, பிரிகையாக்கிகளை (செத்ததை உக்க வைக்கிற உயிர்களை) ஒரு மூலையில போட்டிருக்கிறது. கனாலில மிதக்கிற ஆகாயத்தாமரையை பச்சையாத் தின்னுறது குறைவு, பெரும்பாலும் செத்து அழுகி, பற்றீரியா, புழு, இறால் எண்டு வேற வழியாத்தான் அந்தச் சக்தி மேல போகுது. அந்த நாத்தம் கூட ஆரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதுக்கு அடையாளம்தான் எண்டன், "ஐயோ மிஸ்" எண்டு மூக்கைப் பொத்தினதுகள்.

இப்ப நான் கணக்குக் கேள்வி குடுத்தா விடைக்குக் கீழ ஒரு வசனமும் கேக்கிறனான், குறைஞ்ச கிலோயூல் எங்க போச்சு எண்டு. போன கிழமை ஒருத்தி "மீன் நீந்தினதுக்கு" எண்டு மட்டும் எழுதியிருந்தாள், அரை மார்க்ஸ் போட்டன். கழிவை விட்டிட்டாள்.