இரண்டாவது கட்டம்

திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் ஏழு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் புகைப்படத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்துக்கு இடம். அதைக் கருவியில் தேய்த்தால், பயணி இறங்கப்போகும் நாட்டுக்கு விவரம் போய்விடும். சில நாடுகளிலிருந்து உடனே பதில் வரும்: ஏற்றலாம், ஏற்றக்கூடாது. ஏன் என்பது மட்டும் வராது. பயணி கேட்கும் 'ஏன் சார்?' முழுவதும் எங்களுக்கு.

பெயர்களை ஒப்பிடும் கணினிக்கு ஆள் பெரியவரா சிறியவரா என்பது தெரியாது. விமானத்தில் சந்தேகிக்க வேண்டியவர்களின் பட்டியலில் 'டி. கென்னடி' என்று இருந்ததால், 2004இல் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் 'டெட்' கென்னடியையே விமான நிலையங்களில் பலமுறை நிறுத்தினார்கள். அவர் மேலிடத்துக்கு போன் செய்தார். பெரம்பலூர்க்காரர் யாருக்குச் செய்வார்?

தகவல் சேர்வது மட்டும் குறையவில்லை. 2022 ஆகஸ்டில் வந்த இந்திய சுங்கத்துறை விதிப்படி, வெளிநாடு போகிற, அங்கிருந்து வருகிற பயணிகளின் முன்பதிவு விவரங்களை விமானம் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனங்கள் அனுப்ப வேண்டும். அவை ஐந்தாண்டுகள் இருக்கும்.

அதே ஆண்டு நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலோடு சரி. பாஸ்போர்ட்டில் அதற்கான கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்.

அந்த வாரம் ஓர் அம்மா வந்தார். ஷார்ஜாவில் மகளுக்குப் பிரசவம். மடியில் எவர்சில்வர் தூக்கு, வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். பிரசவ லேகியம், நெய் வாசம் கவுண்டர்வரை வந்தது.

"என் பெயர் சரியாகத்தானே போட்டிருக்கிறது தம்பி?"

"சரிதான் அம்மா. இன்னொரு கட்டம் காலியாக இருக்கிறது."

"அதில் என்ன எழுத வேண்டும்?"

என்னிடம் பதில் இல்லை. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகு வந்தது. அவருடைய பாஸ்போர்ட்டில் அது இருந்திருக்கும். அன்று புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் அழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பையனைக் காட்டி, "இவரிடம் தூக்கையாவது கொடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்டார். அடுத்தவர் பொருளை யாரும் எடுத்துப்போகக் கூடாது. அந்தப் பதிலுக்குக் கணினி தேவைப்படவில்லை, நானே சொன்னேன்.