ஆடினால் இறக்கு

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எல்லோரும் கிரிக்கெட், நாடகம், ஹாஸ்டல் கூத்து என்றுதான் எழுதுகிறார்கள். தப்பில்லை, நானும் ரசித்துத்தான் படிக்கிறேன். ஆனால் பழைய ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த அந்த நீளமான அறையைப் பற்றி இதுவரை யாரும் மூச்சு விடவில்லை. அங்கே நின்றபடி ஏர் ரைஃபிள் சுடப் பழகியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதிப் பேர் எழுதுகிற ஜாதி இல்லை, அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு பக்கம் மணல் மூட்டை, அதற்கு முன்னால் இரும்புப் பெட்டி, பெட்டியின் வாயில் டார்கெட் அட்டை. கயிறும் கப்பியும் போட்டு அட்டையை இழுத்து வருவோம். பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) இரும்பில் போய் மோதும் அந்த 'டக்' சத்தம் மட்டும்தான் அறையில் கேட்கும், ஏனென்றால் ரேஞ்சில், அதாவது அந்தச் சுடும் அறையில், பேசினால் பயிற்சி கொடுத்த சார் வெளியே அனுப்பிவிடுவார். சாரின் பெயரை இங்கே போடவில்லை. படித்ததும் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் எதற்காக இவ்வளவு பாடுபட்டோம் என்பது புரியாது. தூரம் 10 மீட்டர். அட்டையில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர், நடுவில் பத்து, அதாவது முழு மதிப்பெண் தரும் இடம், வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் 4.5 மில்லிமீட்டர் என்பதால் அதன் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும், அதாவது பெல்லட்டின் நடு இரண்டரை மில்லிமீட்டர் வரை தள்ளிப் போகலாம். தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? தோளில் இருந்து குழல் முனை வரை ஒரு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முனை கால் மில்லிமீட்டர் விலகினாலே பத்து போய்விடுகிறது. படுத்துச் சுடும்போது இரண்டு முழங்கையும் தரையில் இருக்கும், தோள்வாரும் தாங்கும். நின்று சுடும்போது வார் போட விதியே இடம் கொடுக்காது. இரண்டு கால், ஒரு உடம்பு, அதற்கு மேலே நாலைந்து கிலோ ரைஃபிள், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவன் முனை ஆடுவதைப் பார்த்ததும் செய்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான், ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பான். இறுக்க இறுக்கத் தசை நடுங்கும், நடுக்கம் முனைக்கு வரும், அதைப் பார்த்து இன்னும் இறுக்குவான். சார் இதை உடைத்த விதம் வேடிக்கையாக இருக்கும். ரைஃபிளைப் பிடுங்கி ராக்கில் வைத்துவிட்டு, "இப்போ சும்மா நில்லுடா" என்பார். சும்மா நிற்பதுதான் முதல் பாடம். ஷூவைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க மாட்டார்.

கால் விஷயத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நிலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. (வலது கைக்காரரை வைத்தே எழுதுகிறேன், இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.) டார்கெட்டுக்கு இடது பக்கத்தைக் காட்டி, கிட்டத்தட்டத் தொண்ணூறு டிகிரியில் நிற்கணும், பாதங்களுக்கு நடுவே தோளகலம். அதிகமாக அகட்டினால் உறுதியாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் இடுப்பு இறுகிப்போய் மேலே எல்லாம் விறைத்துக்கொள்ளும். குறுக்கினால் மொத்த உடம்பும் ஆடும். முழங்கால் நேராக இருக்கணும், ஆனால் பின்னால் தள்ளிப் பூட்டக் கூடாது. எடை இரண்டு பாதத்திலும், குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே சமமாக விழணும்.

அப்புறம் தான் முக்கியமான சோதனை. ரைஃபிளைத் தோளில் வைத்து, டார்கெட்டைப் பார்த்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, தோளைத் தளர்த்திவிட்டுக் கண்ணைத் திற. முனை இப்போது எங்கே காட்டுகிறதோ அதுதான் உன் உடம்பு தானாகப் போக விரும்பும் திசை. அது டார்கெட்டுக்கு வலதில் இருந்தால் கையால் தள்ளி இடதுக்குக் கொண்டுவரலாம்தான். ஆனால் தள்ளிய தசை தளரும் நொடியில், அதாவது சரியாக டிரிகர் விழும் நேரத்தில், முனை பழைய இடத்துக்கே ஓடும். அதனால் கையைத் தொடாதே, காலை நகர்த்து. முன்காலை அப்படியே வைத்து, பின்காலை ஒரு விரல்கடை நகர்த்தினால் போதும், மொத்த உடம்பும் சேர்ந்து திரும்பிவிடும். மேலே கீழே விலகினால் காலில் தீர்வு இல்லை, தாங்கும் இடது கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் முனை இறங்கும், உடம்புப் பக்கம் இழுத்தால் ஏறும்.

சரியான இடம் கிடைத்ததும் சார் சாக்பீஸை எடுத்து, குனிந்து, நம் ஷூவைச் சுற்றிக் கோடு போடுவார், உள்ளே நம் பெயரின் முதல் எழுத்து. அந்தத் தரையில் எத்தனை பாதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன! தரை துடைக்க வருகிறவர் மட்டும் எங்களுக்குப் பரம விரோதி. அவர் துடைத்துவிட்டுப் போன மறுநாள் எல்லோரும் கண்ணை மூடி முதலில் இருந்து தொடங்கணும். அதனால் நன்மைதான் விளைந்தது என்பது என் கருத்து, கோட்டை நம்பி நின்றவனுக்கு வேறு ரேஞ்சுக்குப் போட்டிக்குப் போனால் கை உதறும், காலைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழகியவனுக்கு எந்தத் தரையும் ஒன்றுதான்.

அடுத்தது இடுப்பும் இடது முழங்கையும். ரைஃபிளைத் தசை தாங்கக் கூடாது, எலும்பு தாங்கணும். இடுப்பை டார்கெட் பக்கம் சற்றுத் தள்ளி, மேல் உடம்பை ரைஃபிளுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தால், உடம்பும் ரைஃபிளும் சேர்ந்த எடை இரண்டு பாதங்களுக்கு நடுவே விழும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்காரணும், முன்கை பந்தலுக்கு முட்டுக் கொடுத்த கழி மாதிரி நேராக ரைஃபிளுக்கு அடியில் நிற்கணும். அந்தக் கையால் ரைஃபிளைப் பற்றவே வேண்டாம், அது சும்மா மேலே கிடந்தால் போதும். நம் செட்டில் 'கொக்கு' என்று கூப்பிட்டோமே, அந்த நெட்டைக்கழுத்துக்காரன், அவன் முஷ்டி மடக்கி அதன் மேல்தான் ரைஃபிளை வைப்பான், இல்லாவிட்டால் குறி பார்க்கும் சைட் கண்ணுக்கு எட்டாது. கழுத்து குட்டையானவர்களுக்கு விரித்த உள்ளங்கையே போதும். கை குட்டையாக இருந்து முழங்கை இடுப்பெலும்புக்கு எட்டாவிட்டால் விலாவில் பதித்துக்கொள்ளலாம், அதுவும் தாங்கும். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் காப்பியடிக்க முடியாத விஷயம் இது. ஒன்று மட்டும் கவனிக்கணும், இந்தப் பின்சாய்வு கீழ்முதுகை வாங்கிவிடும். சார் எங்களை ரேஞ்சில் நிற்க வைத்த நேரத்துக்குக் குறையாமல் வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுத்தார், அப்போது முனகினோம்.

தலையை நிமிர்த்தி வைத்து ரைஃபிளைக் கன்னத்துக்குக் கொண்டுவரணும், தலையை ரைஃபிளுக்குச் சாய்க்கக் கூடாது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு உள்காதில் இருக்கிறது, தலை சாய்ந்தால் அதன் கணக்கு குழம்பி, நிற்பதே ஆட்டம் காணும்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜூனியர் கேட்டிருந்தான், "அண்ணா, பொண்ணு ஏர் ரைஃபிள் ஆரம்பிச்சிருக்கா, நிலையெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் சைட் நிக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" என்று. தம்பி, நிற்காது. யாருக்கும் நிற்காது. குழல் முனையின் அசைவைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவிகள் இப்போது வந்துவிட்டன, உலகத் தரத்தில் சுடுகிறவர்களின் கோடும் அதில் நெளியத்தான் செய்கிறது. இதயம் துடிக்கிறது, நுரையீரல் அசைகிறது, பாதம் நொடிக்கு நொடி சமன் செய்துகொண்டே இருக்கிறது. அவர்களுக்கு நெளிவின் பரப்பு சின்னது, வேகம் குறைவு, அதுதான் வித்தியாசம்.

முனையின் இந்த ஆட்டத்துக்குள் இரண்டு மூன்று விநாடி ஓர் அமைதி வரும், அதைப் பிடிப்பதுதான் வேலை. மூச்சை இழுத்து, பாதிக்கு மேல் இயல்பாக வெளியே விட்டு, அங்கேயே நிறுத்து. அமைதி அடுத்த சில விநாடிகளில் வரும். எட்டு விநாடிக்கு மேல் போனால் ஆக்ஸிஜன் குறைந்து பார்வை மங்கும், கண் ஏற்கெனவே பார்த்த பிம்பத்தையே காட்டி ஏமாற்றும், பத்தில் இருப்பதாகத் தோன்றும், இருக்காது. அதற்குள் சுட முடியவில்லையா, இறக்கு. சார் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். பத்து விழுந்தால் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நேரம் போய், ஆசையை அடக்கி, ரைஃபிளை மேசைக்கு இறக்கினால் மட்டும் பின்னால் இருந்து மெல்ல, "நல்லது" என்று கேட்கும். அந்த ஒரு சொல்லுக்காகவே இறக்கியவர்கள் உண்டு.

எனக்கு இன்றுவரை தோன்றுவது, நின்று சுடுவதில் பலம், பார்வை எல்லாம் அப்புறம், இறக்கத் தெரிவதுதான் முதலில். 60 தோட்டாப் போட்டிக்கு மின்னணு டார்கெட்டில் 75 நிமிடம் தருகிறார்கள், இறக்கி இறக்கி எடுக்க நேரம் இருக்கிறது. இறக்காதவன் அவசரத்தில் பத்தைக் கடக்கும் நொடியில் டிரிகரை வெடுக்கென்று இழுப்பான், அந்த இழுப்பே முனையைத் தள்ளிவிடும். அசைவை ஏற்றுக்கொண்டு, அது சிறுக்கும்போது விரலை மெதுவாக நேர்ப்பின்னால் அழுத்தணும். சுட்ட பிறகும் ஒரு விநாடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கணும், பெல்லட் குழலை விட்டுப் போகும் வரை நிலை கலையாமல் இருக்க அதுதான் வழி.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் கடைசித் தோட்டாவை டிவியில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த நேரத்தில் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனோடு சமநிலை. பிந்த்ரா 10.8 சுட்டார் (இறுதிச் சுற்றில் பத்தையும் தசமமாகப் பிரித்து எண்ணுவார்கள்), ஹாக்கினன் 9.7, அவர் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டார். இருவருக்கும் பயிற்சியில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, ஒரு தோட்டா, அவ்வளவுதான்!

பயிற்சிக்கு பெல்லட்டே தேவையில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து நிலையெடுத்து, மூச்சு விட்டு, டிரிகரை அழுத்தி, முனை என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்கணும். டார்கெட் இல்லாததால் ஸ்கோர் பயம் கிடையாது, உடம்பு மட்டும் தெரியும். குழல் காலி என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, பெல்லட் டப்பாவை வேறு இடத்தில் வைத்த பிறகுதான் இது. ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளாக இருந்தால் பெல்லட் இல்லாமல் சுட வேண்டாம், பிஸ்டன் முட்டிக் கெட்டுப்போகும். போட்டி ரைஃபிள்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கும். சுடாமல் ஒரு நிமிடம் வரை நிலையில் தாங்கி நிற்பதும் நல்ல பயிற்சி, நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், நடுக்கத்தோடு பழகினால் நடுக்கம்தான் பழகும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பதை நாங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் பந்தயம் கட்டிச் செய்தோம், கொக்குதான் எப்போதும் ஜெயிப்பான், பெயர் அப்படி.

ஜாக்கெட், தட்டையான அடி உள்ள ஷூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஜாக்கெட் முதுகுக்கு ஆதரவு தரும், இதயத் துடிப்பு ரைஃபிளுக்குப் போவதைக் குறைக்கும், ஆனால் மோசமான நிலையை அது சரி செய்யாது. ரைஃபிளில் கனம் கூடினால் ஆட்டம் மெதுவாகும் என்பது உண்மைதான், போட்டி விதியில் 5.5 கிலோ வரை இடம் உண்டு, அதற்காகச் சின்னப் பிள்ளையிடம் கனத்தைக் கட்டிவிட்டால் முதுகைக் கெடுத்துவிடும்.

அந்த ஜூனியர் இன்னொன்றும் எழுதியிருந்தான், மூன்று மாதம் முன்பு நன்றாகச் சுட்ட பெண் திடீரென்று மோசமாகச் சுடுகிறாளாம். வயதைக் கேட்டேன், பதின்மூன்று. வளர்கிறாள், வேறென்ன. கை நீண்டிருக்கும், இடுப்பு உயர்ந்திருக்கும், பட்டின் (தோளில் பதியும் பின்கட்டை) நீளமும் கன்னம் பதியும் கன்னக்கட்டையின் உயரமும் பழைய அளவிலேயே இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அளந்து மாற்றி, கண்ணை மூடும் சோதனையை முதலில் இருந்து செய்து, பாதத்தைப் புதிதாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.