எம்.பி. டெல்லியில் என்ன கேட்டார்? பார்க்கத் தெரிந்து பார்ப்போம்

"நம்ம எம்.பி. அங்க வாயே தொறக்கலையாமே அண்ணாச்சி" என்று வண்ணாரப்பேட்டை டீக்கடையில் ஒருவர் சொன்னால், "இல்ல, நூத்துக்கு மேல கேள்வி கேட்டிருக்காருல்லா" என்று இன்னொருவர் செல்போனை நீட்டுவார். இரண்டுமே அரைகுறைக் கணக்கு. என்ன வகைக் கேள்வி, அதற்கு என்ன பதில் என்பதைப் பார்க்காமல் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) 20, குறியில்லாதவை (எழுத்துப் பதில் மட்டும்) 230. ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு 5 கேள்விகள் வரை எழுதிக் கொடுக்கலாம். அதில் ஒன்றுதான் நட்சத்திரக் கேள்வியாக வர முடியும். எது முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். 11 மணி முதல் 12 மணி வரையான கேள்வி நேரத்தில் நாலைந்து கேள்விகளைத் தாண்டுவதே அபூர்வம். எனவே பட்டியலில் 14-ஆவதாக வந்த கேள்விக்கு எழுத்துப் பதில்தான் கிடைக்கும். முதல் நாலைந்துக்குள் வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்விகள் போடலாம். எம்.பி. விஷயம் தெரிந்தவரா, தாளைப் பார்த்து வாசிப்பவரா என்பது அந்தத் துணைக் கேள்வியில் தெரிந்துவிடும்.

எண்ணிக்கையில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, கேட்டவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போடுவார்கள். ஒரே கேள்வி ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்றாக ஏறும். ஜீரோ நேரத்தில் (கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம்) ஓரிரு நிமிடம் பேசியதும், பட்ஜெட் விவாதத்தில் விரிவாகப் பேசியதும் 'விவாதம்' என்ற கணக்கில் ஒன்றுக்கு ஒன்றுதான். அமைச்சர்கள் கேள்வியே கேட்க மாட்டார்கள். அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் இருப்பதைப் பார்த்துத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. நெல்லை மாவட்டம் முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. "முக்கூடல் மருத்துவமனையை மேம்படுத்த அரசு முன்வருமா?" என்று கேட்டால், "மேம்பாடு தொடர்ச்சியான பணி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேட்க வேண்டும்: (அ) அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, (ஆ) இன்ன தேதியில் காலியாக இருப்பவை எத்தனை, எப்போதிலிருந்து, (இ) கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக வெளிநோயாளிகள் எத்தனை பேர், செலவு எவ்வளவு, (ஈ) எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும். 150 வார்த்தைக்குள் இது தாராளமாக அடங்கும். பீடி நல வரி 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ரத்தானது, அதற்குப் பின் நலத்திட்டங்களுக்குப் பணம் எந்தத் தலைப்பில், எவ்வளவு வருகிறது என்பதைத் துணைக் கேள்விக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கேட்டாலும் "(அ) முதல் (ஈ) வரை" என்று நாலையும் ஒரே பத்தியில் கலக்கிப் பதில் வருவதுண்டு. எந்த உட்பிரிவு காணாமல் போயிற்று என்று விரல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தேதி கேட்ட (ஈ)தான் காணாமல் போயிருக்கும்.

முகவரி தவறுவதும் நிறைய. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால், அது மாநில அரசின் பொறுப்பு என்று பதில் வரும். தண்ணீர், அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கேட்டால் தப்ப முடியாது. 2018 பட்டியலில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையான பகுதி இருந்தது. ரயிலும் அப்படித்தான். திருநெல்வேலி ஜங்ஷன் மதுரைக் கோட்டம். மேலப்பாளையம் தொடங்கி நாங்குநேரி, வள்ளியூர் எல்லாம் திருவனந்தபுரம் கோட்டம். கோட்டத்தைக் குறிப்பிடாமல் "நெல்லை மாவட்ட நிலையங்கள்" என்று கேட்டால் பாதி நிலையங்கள் பதிலில் விடுபடும்.

பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று இருந்தால் கை விட்டுவிடாதீர்கள். என் கணக்கில் மழுப்பலான பதில்களில் உருப்படியானது இதுதான். அப்படிச் சொன்னது அரசின் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. கெட்டிக்கார எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் போட்டே அடுத்த கேள்வியைத் தொடங்குவார்.

தனிநபர் மசோதாவை (அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா) வைத்து ஒருவரை அளக்காதீர்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம்தான் அதற்கு. 1970-க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. 2015-இல் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய செய்தி.

தேடும்போது ஒரு விஷயம். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் கேள்விகளும் விவாதங்களும் தனித்தனியாக வரும். பழைய விவாதங்கள் நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இருக்கின்றன. ஊர் பெயரை ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி சிக்காது. 1950-களின் ஆவணங்களுக்கு திருநெல்வேலியை வெள்ளைக்காரன் எழுதிய 'டின்னவெலி'யையும் போட்டுப் பாருங்கள். தமிழில் பேசியது ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அச்சாகும். கீழே தமிழில் பேசியதாக அடிக்குறிப்பு இருக்கும். பழமொழியும் கிண்டலும் அதில் செத்துப்போயிருக்கும், வீடியோவைப் பார்ப்பதே நல்லது.

ஊர்க் கோரிக்கையை எம்.பி.யிடம் கொடுப்பவர்கள் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு போகிறார்கள். கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரத்திலேயே போய்விட வேண்டும். நாள் தப்பிவிட்டால், ஊர்க் கோரிக்கையை அவையில் எழுப்ப மக்களவை விதி 377 இருக்கிறது: 250 வார்த்தை, வாரத்துக்கு ஒன்று. அதற்கு அமைச்சர் அவையில் பதில் சொல்ல மாட்டார், பிறகு எம்.பி.க்குக் கடிதமாக வரும். இணையத்தில் தேடி அலையாமல், அவர் அலுவலகத்தில் தேதியைச் சொல்லி அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.